பதினைந்து வருட ஆங்கிலத்துக்கு எந்த டிக்‌ஷனரி?

கேள்வி: 2023 ஏப்ரல் 9

வேலை முழுக்க ஆங்கிலத்தில்தான். அறிக்கை, மின்னஞ்சல், வாடிக்கையாளரோடு பேச்சு என்று பதினைந்து வருடமாக ஓடுகிறது. பேப்பர் படிக்க எனக்கு டிக்‌ஷனரி தேவைப்படுவதில்லை. ஆனால் நான் எழுதியதை லண்டன் அலுவலகத்தில் திருத்தி அனுப்பும்போது கூச்சமாக இருக்கிறது. நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு. லேர்னர்ஸ் டிக்‌ஷனரி எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. என் அளவுக்குக் கன்சைஸ் ஆக்ஸ்போர்டா, சேம்பர்ஸா, வெப்ஸ்டர் காலேஜியேட்டா? பெரியதாக இருந்தால் நல்லது.

ஏப்ரல் 9, இரவு

மூன்றும் வேண்டாம்.

லண்டனிலிருந்து திரும்பி வந்த உங்கள் அறிக்கை ஒன்றை எடுத்து, சிவப்பில் என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். நான் பிறர் எழுதிய ஆங்கில அறிக்கைகளைத் திருத்திப் பிழைப்பவன், அதனால் பார்க்காமலே சொல்லிவிடுவேன். 'டிஸ்கஸ்' பக்கத்தில் இருந்த 'அபௌட்' போயிருக்கும். 'ஈக்விப்மெண்ட்ஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்' இரண்டிலும் வால் நறுக்கியிருக்கும். 'சஜஸ்டட் அஸ் டு' என்று தொடங்கிய வாக்கியம் முழுதாக மாறியிருக்கும். இதில் உங்களுக்குப் பொருள் தெரியாத சொல் ஒன்றாவது உண்டா?

கன்சைஸ் ஆக்ஸ்போர்டு 1911-இல் ஃபௌலர் சகோதரர்கள் செய்தது. அன்றும் இன்றும் அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவருக்கான புத்தகம். தெரியாத சொல்லுக்குப் பொருளும் வேரும் சொல்லும். தெரிந்த சொல்லை வாக்கியத்தில் எப்படி உட்கார வைப்பது என்பதை அது அநேகமாகச் சொல்லாது, வாங்குகிறவருக்கு அது பிறவியிலேயே தெரியும் என்பதால். உங்கள் பிரச்சினை மொத்தமும் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் ஒதுக்கிய லேர்னர்ஸ் வகையில் ஒன்றான லாங்மேனில் 'டிஸ்கஸ்' எடுத்துப் பாருங்கள். 'அபௌட்' போடாதே என்று பட்டவர்த்தனமாக எழுதியிருப்பார்கள்.

ஏப்ரல் 10

'பள்ளிப் பிள்ளைகளுக்கு' என்றீர்களே, அதை விட மனமில்லை.

இந்த வகை அகராதிகள் இங்கிலாந்துப் பள்ளிகளில் பிறந்தவை அல்ல. மைக்கேல் வெஸ்ட் டாக்காவில், வங்காள மாணவர்களோடு பல வருடம் மல்லுக்கட்டியவர். அவரும் எண்டிகாட் என்பவரும் சேர்ந்து 1935-இல் ஒரு அகராதி போட்டார்கள். 1,490 சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு சுமார் 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் விளக்கம். ஒரு கடினச் சொல்லை இன்னொரு கடினச் சொல்லால் விளக்கும் பழக்கத்தை அங்கே உடைத்தார்கள். அதே காலத்தில் ஜப்பானில் ஹரால்ட் பாமரும் ஏ.எஸ். ஹார்ன்பியும் வேறொரு பக்கமிருந்து வந்தார்கள். எந்த வினைச்சொல் எந்த வாக்கிய அமைப்பை ஏற்கும் என்று தரம் பிரிப்பது அவர்கள் வேலை. ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்ட் மூவரும் தயாரித்த அகராதி 1942-இல் டோக்கியோவில் அச்சாகியது. அப்போது ஜப்பானும் பிரிட்டனும் போரில் இருந்தன! ஆக்ஸ்போர்டு அதை வாங்கி 1948-இல் வெளியிட்டது. இன்று எல்லார் மேசையிலும் இருக்கும் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அதன் வாரிசுதான்.

ஆக, உங்களையும் என்னையும் போல வெளியிலிருந்து மொழிக்குள் வந்தவர்களுக்காகவே, வெளியில் உட்கார்ந்து செய்த புத்தகம் அது. அட்டையில் 'லேர்னர்' என்று இருப்பதுதான் உறுத்துகிறது என்றால் காக்கி அட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 11

'சரி, எந்த ஒன்று?' நீங்கள் கேட்டதும், இடையில் வந்த இரண்டு பேர் கேட்டதும் இதுதான். என் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன், ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள்.

எழுதுவதற்கு லாங்மேன் கன்டெம்பரரி. முதல் பதிப்பு 1978. விளக்கங்களை ஏறத்தாழ 2,000 சொற்களுக்குள் அடக்குவது அன்றிலிருந்து வரும் வழக்கம். வெஸ்ட் போட்ட பாதைதான். ஆனால் நான் அதை எடுப்பது விளக்கத்துக்காக அல்ல. ஒரு சொல் பேச்சில் எவ்வளவு புழங்குகிறது, எழுத்தில் எவ்வளவு என்று தனித்தனியாகக் குறி போட்டிருப்பார்கள். எஸ்-1 என்றால் பேச்சில் முதல் ஆயிரத்துக்குள். டபிள்யூ-3 என்றால் எழுத்தில் மூன்றாவது ஆயிரம். மின்னஞ்சலில் சட்டப் பத்திர வாசனை அடிக்கிற நம்மவர்களுக்கு இது பெரிய உதவி. எழுத்தில் மட்டும் குறி வாங்கியிருக்கும் சொல்லைச் சகஜமான கடிதத்தில் போடுவதற்கு முன் கை கொஞ்சம் நிற்கும். அதோடு, எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்ற பெட்டிகள். முடிவை 'எடுப்பதா', 'செய்வதா' என்று தடுமாறும்போது இந்தப் பெட்டிகள்தான் கை கொடுக்கும்.

ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் எல்லாக் கடையிலும் கிடைக்கும், குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்தாம் பதிப்பு 2020. இந்திய ஆங்கிலச் சொற்கள் 384 அதில் இருப்பதாக அப்போது பத்திரிகையில் எல்லாம் வந்தது. ஆதார்கூட உள்ளே போய்விட்டது. 'ப்ரீபோன்' அதில் இருக்கிறது, இந்திய ஆங்கிலம் என்ற முத்திரையோடு. இருக்கிறது என்பதைவிட அந்த முத்திரைதான் எனக்கு முக்கியம். பெங்களூருக்கு எழுதினால் போடலாம், லண்டனுக்கு எழுதினால் வேறு வழி பார்க்க வேண்டும்.

கோபில்ட் என்ற அகராதி பற்றித் தனியாக எழுதுகிறேன். கேம்பிரிட்ஜ் நல்லது, எனக்குப் பழக்கமில்லை. மேக்மில்லன் இணையத்தில் இருக்கிறது. அதில் 7,500 அடிப்படைச் சொற்களைச் சிவப்பில் போட்டு, புழக்கத்தைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று நட்சத்திரம் கொடுத்திருப்பார்கள். ஒரு பார்வையில் தெரிந்துவிடும். தாளில் தேடாதீர்கள், அச்சிடுவதை நிறுத்தப்போவதாக 2012-லேயே அறிவித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 11, சற்று நேரம் கழித்து

அமெரிக்க வாடிக்கையாளர் உள்ளவர்களுக்கு: மெரியம் வெப்ஸ்டரே 2008-இல் ஒரு லேர்னர்ஸ் போட்டது. உச்சரிப்புக்கு ஐ.பி.ஏ. என்ற சர்வதேச ஒலிக்குறியே இருக்கும். காலேஜியேட்டில் அவர்களுடைய சொந்தக் குறிமுறை, அதைத் தனியாகப் படிக்க வேண்டும்.

ஏப்ரல் 14

காலேஜியேட்டை ஏன் ஒரே வரியில் தள்ளினாய் என்று சேலத்து நண்பர் சண்டைக்கு வந்திருக்கிறார். தள்ளவில்லை, என்னிடமும் இருக்கிறது. அது பொருள்களை வரிசைப்படுத்துவது வரலாற்று முறையில். எது முதலில் தோன்றியதோ அது முதலில். 'நைஸ்' என்று தேடினால், எளிதில் திருப்தி அடையாத, நுணுக்கம் பார்க்கிற என்ற பழைய பொருள் முன்னால் நிற்கும். நாம் தினமும் சொல்லும் 'நைஸ்' பின்னால்தான் வரும். ஒரு சொல் எப்படி வளர்ந்தது என்று பார்க்க ஆசைப்படுகிறவருக்கு அது விருந்து. காலை பத்து மணிக்குள் அறிக்கை அனுப்ப வேண்டியவர் முதல் பொருளை மட்டும் படித்துவிட்டு மூடினால் ஆபத்து.

சேம்பர்ஸ் வேறு ரகம். பிரிட்டனில் குறுக்கெழுத்துப் பைத்தியங்களின் வேதப் புத்தகம் அது. அபூர்வச் சொற்களும் ஸ்காட்லாந்துச் சொற்களும் கொட்டிக் கிடக்கும். எக்லேர் என்ற பலகாரத்துக்கு 'வடிவத்தில் நீளம், ஆயுளில் குட்டை' என்ற மாதிரி விளக்கம் எழுதிய குறும்புக்காரர்கள். இரவில் படுத்துக்கொண்டு படிக்கலாம். எழுத உட்காரும்போது பக்கத்தில் வைத்தால் வேலை நடக்காது, வேடிக்கைதான் நடக்கும்.

ஏப்ரல் 23

கோபில்ட்.

1987. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் செய்தது. அதுவரை அகராதிக்காரர்கள் தங்கள் நினைவையும், வாசகர்கள் வெட்டி அனுப்பிய சீட்டுகளையும் நம்பினார்கள். இவர்கள் நடப்பு ஆங்கிலத்தைக் கணினியில் ஏற்றி, சுமார் இரண்டு கோடி சொற்கள் சேர்த்து, ஒவ்வொரு சொல்லும் உண்மையில் எங்கே எப்படி வருகிறது என்று வரி வரியாகப் பார்த்து எழுதினார்கள். கார்பஸ், அதாவது இப்படிக் கணினியில் சேர்த்த மொழித் தொகுப்பு, என்ற பேச்சு அகராதி உலகத்தில் சூடு பிடித்தது இதற்கு அப்புறம்தான். மற்றவர்களும் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தார்கள்.

விளக்கங்களை முழு வாக்கியமாக எழுதுவார்கள். 'ஒருவர் இன்னொருவருக்கு இப்படிச் செய்தால், அவர்...' என்ற வாய்ப்பாடு. வினையைச் செய்கிறவர் மனிதரா, நிறுவனமா, பொருளா என்பது விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடும். முதலில் வளவளவென்று தோன்றும். எனக்கும் தோன்றியது, பல மாதம் தொடவே இல்லை. பிறகு ஒரு நாள், கெட்டதோடு மட்டும் சேரும் வினைச்சொல் ஒன்றை ஒருவர் நல்ல செய்தியோடு சேர்த்து எழுதியிருந்தார். 'காஸ்', அதாவது ஏற்படுத்துவது, என்ற சாதாரணச் சொல்தான். 'எங்கள் திட்டம் மகிழ்ச்சியை காஸ் செய்தது' என்ற தினுசில். இலக்கணப்படி பிழையில்லை, ஆனால் காதுக்கு இடறுகிறது. ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை எனக்கு. கோபில்டில் பார்த்தேன். பொதுவாகக் கெட்டது நேர்வதைப் பற்றியே வரும் என்று விளக்கத்திலேயே இருந்தது. அன்றிலிருந்து வளவளப்பு பழகிவிட்டது.

எனவே ஏப்ரல் 11 குறிப்பில் லாங்மேனுக்குப் போட்ட மாலையில் பாதியைக் கழற்றி இதற்குப் போடுகிறேன். ஒரு சொல் எந்தச் சாயலோடு வரும் என்று சந்தேகம் வந்தால் இதுதான். எது எதோடு சேரும் என்று அவசரமாகத் தெரிய வேண்டுமானால் லாங்மேன்.

ஏப்ரல் 24

இல்லை, 'காஸ்' நல்லதோடு வரவே வராது என்று நான் சொல்லவில்லை. வருவது குறைவு. எதிர் உதாரணம் தேடி அனுப்பிய ஆசிரியருக்கு நன்றி. வகுப்பில் அதை விதியாக எழுதிப் போட்டுவிடாதீர்கள்.

மே 6

ஒருவருக்குப் பழைய புத்தகக் கடையில் ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் மூன்றாம் பதிப்பு மலிவாகக் கிடைத்ததாம். ஈ.எல்.பி.எஸ். போட்ட மானிய விலைப் பதிப்பு. பிரிட்டிஷ் அரசு உதவியில் வந்த அந்தப் புத்தகங்களை வைத்துத்தான் இங்கே ஒரு தலைமுறையே ஆங்கிலம் படித்தது. வினைச்சொல் ஒவ்வொன்றுக்கும் வி.பி. (வெர்ப் பேட்டர்ன்) என்று போட்டு எண் கொடுத்திருக்கும், மொத்தம் 25 அமைப்பு. முன்பக்க அட்டவணையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். என் ஆசிரியருக்கு அந்த எண்கள் மனப்பாடம். மாணவர்களில் ஒருவருக்கும் கிடையாது.

ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்த வாங்குவதென்றால் 1995-ஐக் கோடாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆக்ஸ்போர்டு ஐந்தாம் பதிப்பு, லாங்மேன் மூன்றாம் பதிப்பு, கோபில்ட் இரண்டாம் பதிப்பு, கேம்பிரிட்ஜின் முதல் லேர்னர்ஸ் அகராதி என்று நான்கும் அந்த ஒரே வருடத்தில் வந்தன. அதற்கு முந்தைய ஆண்டுதான் பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்பஸ் தயாராகியிருந்தது. 95-க்கு முந்தியதில் கோபில்ட் முதல் பதிப்பும் லாங்மேன் லாங்வேஜ் ஆக்டிவேட்டரும் கண்ணில் பட்டால் விடாதீர்கள். இரண்டாவது 1993-இல் வந்தது. அதைத் திறக்கும்போது சொல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கருத்து தெரிந்தால் போதும். 'குறை சொல்வது' என்ற கருத்துக்குப் போனால், எந்தச் சூழலில் எந்தச் சொல் என்று பிரித்துக் காட்டும். எழுதுகிறவருக்காகவே செய்த புத்தகம். என் பிரதியை இரவல் கொடுத்தேன், வரவில்லை.

திருவல்லிக்கேணி நடைபாதையில் புதிதுபோலப் பளபளப்பாக, பாதி விலைக்குக் கிடைக்கும் பிரதிகளைக் கொஞ்சம் விரித்துப் பார்த்து வாங்குங்கள். ஜெராக்ஸ் ரகம் என்றால் ஒலிக்குறியில் நெடிலுக்கான இரட்டைப் புள்ளி மங்கிப்போயிருக்கும். 'ஷிப்'பையும் 'ஷீப்'பையும் பிரித்துக் காட்டுவதில் அந்தப் புள்ளிக்கும் பங்கு உண்டு.

மே 7

ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வு எழுதுகிறவர்கள் இங்கே வந்து கேட்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது டிக்‌ஷனரி அல்ல, பழைய வினாத்தாள்.

மே 19

'அப்படியானால் ஆங்கிலம்–தமிழ் அகராதியைத் தூக்கிப் போடலாமா?'

யார் சொன்னது? லிஃப்கோ வீட்டில் இருக்கட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்து ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியமும் இருக்கட்டும். சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அறுபதுகளில் வந்தது. அந்த அளவுக்கு உழைத்த வேறு புத்தகம் குறைவு.

ஆங்கிலம்–ஆங்கிலம் மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் ஒரு தீண்டாமை நடக்கிறது. மீன், மரம், தானியம், நோய், உறவுமுறை வந்தால் ஆங்கில விளக்கம் கையை விரித்துவிடும். மேக்கரல் என்பதற்கு 'உடலில் பச்சை நீலப் பட்டைகள் உள்ள, உண்ணக்கூடிய கடல் மீன்' என்று எவ்வளவு நேர்த்தியாக எழுதினாலும் எனக்கு ஒன்றும் தெரியாது. கானாங்கெளுத்தி என்ற ஒரு சொல்லில் காசிமேடே கண்முன் வந்துவிடும். பெயர்களுக்குத் தமிழ், வினைகளுக்கு ஆங்கிலம் என்பது நான் கடைப்பிடிக்கும் குத்துமதிப்பான கணக்கு. ஒரு வினைச்சொல்லுக்குத் தமிழில் ஐந்து இணைகளை அடுக்கினால், அந்த ஐந்தில் எது வந்தாலும் இதே ஆங்கிலச் சொல்லைப் போடலாம் என்று மனம் நம்பிவிடும். வம்பு அங்கே ஆரம்பம்.

இழை எங்கோ போகிறது, போகட்டும்.

மே 20

அயிலை என்று சொல்லுங்கள் என்கிறார் கன்னியாகுமரிக்காரர். நாகர்கோவில் பதிப்பில் திருத்திக்கொள்கிறேன்.

ஜூலை 2

மேக்மில்லன் தளம் ஜூன் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. ஏப்ரலில் நட்சத்திரம், சிவப்பு என்று நான் எழுதியதை நம்பிப் புக்மார்க் போட்டவர்கள் அதை அழித்துவிடலாம்.

எனக்கு வருத்தம்தான். 2002-இல் மைக்கேல் ரண்டெல் பொறுப்பில் வந்தபோது பிரிட்டிஷ் வரிசையில் கடைசியாகச் சேர்ந்த புத்தகம் அது. கடைசியாக வந்ததாலேயே மற்றவர்களின் தவறுகளைத் தவிர்த்திருந்தது. அச்சை நிறுத்தியபோது 'இனி இணையம்தான் அகராதிக்கு ஏற்ற இடம்' என்று கொண்டாட்டமாகப் பேசினார்கள். இப்போது இரண்டும் இல்லை. போன வருடம் ஆகஸ்டில் லெக்சிகோ போயிற்று. ஆக்ஸ்போர்டின் ஒரு தொகுதிப் பெரிய அகராதி இலவசமாகக் கிடைத்த இடம் அது.

ஜூலை 5

இதனால் தாள்தான் உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இந்த வாரம் நிறைய பேர் அப்படி எழுதுகிறார்கள், அதில் பாதி பேர் கடைசியாகத் தாள் அகராதியைப் புரட்டியது கல்லூரியில்.

என் நடைமுறையைச் சொல்கிறேன். படிக்கும்போது செல்போன். கூகுள் பெட்டியில் வருவது ஆக்ஸ்போர்டு தரும் விளக்கம்தான், பொருள் மட்டும் தெரிய அது போதும். எழுதும்போது லாங்மேனின் இணையத் தளம். அதுவும் இலவசம், உச்சரிப்பைக் காதாலேயே கேட்கலாம். கடைசியாக வந்த தாள் பதிப்பு 2014-இல் வந்த ஆறாவது. மேசையில் தாளாக இருப்பது ஆக்ஸ்போர்டு கலொகேஷன்ஸ், இரண்டாம் பதிப்பு, 2009. பெயர்ச்சொல்லை எடுத்தால் அதற்கு முன்னால் வரும் அடைகள், கூட வரும் வினைகள், ப்ரெபோசிஷன் எல்லாம் வரிசையாக நிற்கும். பொருளே சொல்லாத அகராதி. கேள்வி கேட்டவருக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதைச் சொல்வேனோ என்று இப்போது தோன்றுகிறது. அவர் அளவில் உள்ளவருக்குப் பொருள் தெரியும், ஜோடிதான் தெரியாது.

பழைய பதிப்புகளோடு வந்த சி.டி.க்களை நம்பி வாங்காதீர்கள். என்னிடம் இருப்பது புது கம்ப்யூட்டரில் திறக்க மறுக்கிறது. அந்த வட்டை நுழைக்க அதில் இடமே இல்லை என்பது வேறு விஷயம்.

செப்டம்பர் 17

'இனி எதற்கு டிக்‌ஷனரி, சாட்ஜிபிடியைக் கேட்டால் போதாதா?' எதிர்பார்த்த கேள்வி, தாமதமாக வந்திருக்கிறது.

கேட்கிறேன், நானும்தான். ஒரு பத்தியைக் கொடுத்து எது இடறுகிறது என்றால் நன்றாகவே சொல்கிறது. திருத்தித் தா என்றால் என் கட்டுரையை எடுத்துக்கொண்டு அதன் கட்டுரையைத் தருகிறது, அதுதான் சிக்கல். அப்புறம், 'இந்தப் பயன்பாடு வழக்கத்தில் உண்டா' என்று கேட்டால் உண்டு என்கிறது, 'இல்லையே' என்றால் மன்னிக்கவும், இல்லை என்கிறது. லாங்மேனோடு நான் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். அது ஒருமுறைகூடப் பேச்சை மாற்றியதில்லை.

செப்டம்பர் 18

ஆக்ஸ்போர்டில் 'அய்யோ' இருக்கிறதா என்ற பந்தயத்தைத் தீர்த்து வைக்கச் சொல்லி ஒரு கடிதம். இருக்கிறது, 2016-இல் சேர்த்தார்கள். ஆனால் லேர்னர்ஸில் அல்ல, ஓ.ஈ.டி. என்ற பெரிய ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில். 2017-இல் 'அண்ணா' கூடச் சேர்ந்துவிட்டார். அந்த ஓ.ஈ.டி.யின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதியாக வந்தது. பெரியதாக வேண்டும் என்ற நம் நண்பருக்கு ஏற்ற அளவு, வீட்டில் அலமாரிதான் தனியாகச் செய்ய வேண்டும்.

2024 ஜனவரி 13

கேள்வி கேட்டவர் நந்தனம் புத்தகக் காட்சியிலிருந்து படம் அனுப்பியிருக்கிறார். கையில் இரண்டு: ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் பத்தாம் பதிப்பு, கூடவே ஒரு சேம்பர்ஸ். சொன்ன பேச்சைப் பாதி கேட்டிருக்கிறார். கலொகேஷன்ஸ் அரங்கில் இல்லையாம், சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள்.

இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: தினமும் பத்துச் சொல் என்று ஏ-யிலிருந்து படிக்கலாமா?

வேண்டாம். லண்டனிலிருந்து திருத்தி வரும் அறிக்கையை எடுத்து, சிவப்பு விழுந்த ஒவ்வொரு சொல்லையும் ஆக்ஸ்போர்டில் பாருங்கள். பொருளை விட்டுவிட்டு நேராக உதாரண வாக்கியங்களுக்குப் போங்கள். பொருளுக்கு முன்னால் உள்ள சதுர அடைப்புக்குள் சி என்றால் எண்ணலாம், யூ என்றால் எண்ணக்கூடாது. 'ஈக்விப்மெண்ட்' பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். சேம்பர்ஸ் ஞாயிற்றுக்கிழமைக்கு.